ஐந்து நிமிடம் ஓடிக் கெட்ட ஆயில்

1.

உலக இலக்கியத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: எஞ்சின் ஆயிலைப் பற்றி யாரும் எழுதத் துணியாத கதை இங்கே தொடங்குகிறது. தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் வாளி செய்யும் தணிகாசலத்தின் பட்டறையில் கிடைத்தது. வாளி வாங்கப் போனேன், சண்டை இலவசம்.

2.

விடியல், ஒரு பறவையின் சிறகைப்போலத் தொழிற்பேட்டையின் மீது...

(வேண்டாம். அங்கே கம்ப்ரஸர் சத்தத்தில் பறவை எங்கே கேட்கிறது.)

தணிகாசலத்திடம் ஒரு டீசல் ஜெனரேட்டர் உண்டு. கரன்ட் போவதே அரிது. ஆனாலும் தினமும் காலையில் கற்பூரம் காட்டி, ஐந்தே நிமிடம் ஓட்டி, அணைத்து, தட்டிக்கொடுப்பார். மெக்கானிக் சிவசங்கரி புதிதாக ஊற்றிய ஆயில் நான்கே மாதத்தில் கெட்டது. அவள் போலி ஆயில் ஊற்றிவிட்டாள் என்று அவர் பேட்டை முழுக்கச் சொன்னார். அன்றே இரண்டு பட்டறைக்காரர்கள் அவளை இனி வர வேண்டாம் என்றார்கள்.

3.

(அவள் கண்கலங்குவதாக ஒரு பத்தி எழுதினேன். அவள் கலங்குகிற ஆள் இல்லை. பத்தியை அடித்துவிட்டேன்.)

நேராக வந்தாள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டாள். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உட்புறத்தைக் காட்டினாள். வெண்ணெய்போல் அப்பியிருந்தது.

"இன்னாம்மா இது?" என்றார் தணிகாசலம்.

"தண்ணி சார். ஆயிலோட கலந்து இப்பிடி ஆயிருக்கு."

"அப்ப தண்ணி கலந்த ஆயில ஊத்தியிருக்க."

"தண்ணி உங்க எஞ்சின் போட்டது. டீசல் எரியறப்ப வர்ற புகை கொஞ்சம் பிஸ்டன் ரிங் சந்துல கீழ ஆயிலுக்குள்ள எறங்கும். அதுல நீராவி, கரி, எரியாத டீசல், ஆசிட்டு எல்லாம் இருக்கும். எஞ்சின் நல்லா சூடானா நீராவி வெளிய போயிடும். நீங்க சூடாவறதுக்குள்ள அணைச்சிடறீங்க. அத்தினியும் ஆயில்லயே தங்கிடுது."

"அஞ்சு நிமிஷம்தான ஓட்டறேன்?"

"அதான் கெட்டுச்சு. இதே டின்னு ஆயில்தான் கிருஷ்ணசாமி சார் பட்டறையிலயும். அவருக்குக் கரன்ட் கனெக்ஷன் இன்னும் வரல, தினம் எட்டு மணி நேரம் ஓடுது, ஆயில் கெடல. கேளுங்க."

கிருஷ்ணசாமி தலையாட்டினார். அவளை வர வேண்டாம் என்ற இருவரில் ஒருவர் அவர்.*

மெஷின் ஓட்டும் வேம்பு முணுமுணுத்தாள்: "கற்பூரம் எரியற நேரங்கூட எஞ்சின் எரியலியே மொதலாளி."

* தன் ஜெனரேட்டரில் அதே ஆயில் இருப்பது தெரிந்தே அவளை வர வேண்டாம் என்றாரா என்று கேட்டேன். "பேட்டையே சொல்லுச்சுங்க" என்றார்.

4.

முடிவுகள்:

(அ) தணிகாசலம் கைகூப்புகிறார். (வாளிக்காரரை உங்களுக்குத் தெரியாது.)

(ஆ) பேட்டை அவளைத் தோளில் தூக்கி... (எல்லாருக்கும் இடுப்புவலி.)

நடந்தது இது. தணிகாசலம் சுவரைப் பார்த்து, "ஆயில் நல்ல ஆயில்தான்" என்றார்.

"சுவத்துக்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? பேட்டை முழுக்கப் போய்ச் சொன்னீங்கல்ல, அதே மாதிரி சொல்லுங்க."

அவள் நின்ற நிமிர்வைப் பார்த்து, ஏதோ நானே அவளைப் படைத்ததுபோல் நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். மாலைக்குள் இரண்டு பட்டறைகளும் அவளைத் திரும்பக் கூப்பிட்டன. தணிகாசலம் பேட்டை முழுக்கப் போய்ச் சொன்னாரா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஜெனரேட்டர் ஏழு நிமிடம் ஓடியது.