இரண்டு தலை ஒயர்

என் கணவர் பென்ரோவுக்கு எலக்ட்ரீஷியன் என்றாலே எரிச்சல். "ஒரு ஃபேன் மாட்ட ஒருத்தனைக் கூப்பிடணுமா? எனக்குக் கையில்லையா?" என்பார். கை இருக்கிறது, அதுதான் என் கவலையே.

ஜெனரேட்டர் வாங்கியபோது, ஆள் வைத்து அதற்கென்று தனி சுவிட்ச் போடச் சொன்னார்கள் கடையில். இவரோ ஒரு ஒயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டினார். ஒரு தலை ஜெனரேட்டரில், மறு தலை சுவர் சாக்கெட்டில். வீடு முழுக்க வெளிச்சம். எங்கள் இபதான் நகரில் பல வீடுகளில் இந்தக் கூத்துதான். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் நம் வீட்டுக் கரண்டு தெருக் கம்பிக்கு ஏறிவிடும் என்றேன்.

"அதெல்லாம் மறப்பேனா, திஃபே அம்மா? நீ போய் அடுப்பைப் பாரு."

சனிக்கிழமை காற்றிலும் மழையிலும் தெருக் கம்பி அறுந்தது. மதியம் மின்சாரக் கம்பெனியிலிருந்து லைன்மேன் ரஃபியு வந்து எங்கள் வாசல் கம்பத்தில் ஏறினான். புதுமாப்பிள்ளை. நான் கீழே அக்காரா வடை சுட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, சூடா நாலு எடுத்து வைங்க!"

"மொதல்ல கரண்டக் குடு, அப்புறம் தின்னலாம்" என்றேன்.

டிவியில் கால்பந்து ஆட்டம் தொடங்கும் நேரம். பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமியது. மெயினை அணைத்தாரா என்று பார்க்க எழுந்தேன். அதற்குள் எதிர்வீட்டு பல்பு மங்கலாக எரிந்தது. "அப் நேப்பா!" என்று பிள்ளைகள் கைதூக்கிக் கத்தினார்கள். கரண்டு வந்தால் ஊரே போடும் கூச்சல் அது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் ரஃபியு கீழே விழுந்தான்.

நான் பின்பக்கம் ஓடி ஜெனரேட்டரை நிறுத்தினேன். எதிர்வீட்டு பல்பும் அணைந்தது.

வாசலுக்குத் திரும்பினால் கூட்டம். ரஃபியுவுக்கு மூச்சு இருந்தது. வலது உள்ளங்கை கருகியிருந்தது. யாரோ கார் எடுக்க ஓடினார்கள். "கம்பெனிக்காரனுங்க சொல்லாம லைன விட்டுட்டானுங்க!" என்று ஒருவர் கத்தினார்.

"ஆமா, கொலைகாரப் பசங்க" என்றார் பென்ரோ. எனக்குக் காது கூசியது.

ரஃபியு உதட்டை அசைத்தான். "அவங்க விடல. டிரான்ஸ்ஃபார்மர்ல ஃபியூஸக் கழட்டுனதே நான்தான். வேற எதையோ மாத்திக் கழட்டிட்டேன் போல. வேலை போயிடும்."

நான் உள்ளே போய் அந்த ஒயரைப் பிடுங்கி வந்தேன். வாசலில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "புத்தி கெட்டுப்போச்சா? போலீஸ் வரும். உள்ள போ!"

கையை உதறிக்கொண்டு ரஃபியுவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லோரும் பார்க்க ஒயரை முன்னால் போட்டேன்.

"தம்பி, நீ சரியாத்தான் கழட்டுன. இது எங்க வீட்டுக் கரண்டு."

என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் அழுதான். "அப்ப நான் தப்பு பண்ணலையா, அக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.