மூன்றடிப் பெட்டகம்

வீடு கட்டும்போது நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அத்திவாரம் போட்டு முடிந்ததும் மாரி மழை பிடித்துவிட்டது. என் முதிரை மரப் பெட்டகம் நனையக்கூடாதென்று, அறை வரப்போகும் இடத்தில் அதைக் கொண்டுவந்து வைத்துத் தகரத்தால் மூடினேன். மேசன் அதைச் சுற்றியே வாசல் நிலை வைத்துச் சுவரெழுப்பினான். பிறகொரு நாள் வெளியே எடுக்க வேண்டிவரும் என்று அவனுக்குத் தோன்றாவிட்டாலும் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பெண் பிள்ளையைப் பெற்றவள் நான்தானே! எங்கள் பக்கம் வீடு மகளுக்கு. கலியாணம் முடிந்தால் பெற்றவள் ஒதுங்கிக்கொள்வாள்.

தக்ஷாயினிக்குக் கலியாணமாகி மூன்று மாதம். வீட்டு உறுதிப் பத்திரமும் அவள் பெயருக்கு எழுதியாயிற்று. கொக்கட்டிச்சோலையில் தம்பி அழகரத்தினத்தின் வீட்டு வளவில் எனக்கு ஓர் அறை போட்டிருக்கிறது. கட்டில், சட்டிபானை ஒன்றும் வேண்டாம், பெட்டகம் மட்டும் போதும் என்றேன். எனக்கென்று நான் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகி வைத்திருப்பது அது ஒன்றுதான். அதுவும் இல்லாமல் தம்பி வளவில் போய் ஒண்ட எனக்கு மனமில்லை.

காலையிலேயே தம்பி லேண்ட்மாஸ்டர் உழவு வண்டியோடு செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். அவனும் மருமகன் விஜிதரனும் பக்கத்து வீட்டு ஆட்கள் இருவரும் ஆளுக்கொரு மூலை பிடித்தார்கள். பெட்டகம் அசையவில்லை.

"மேல பிடிச்சா வராது. பாரம் அடியிலதான் இரிக்கி. குனிஞ்சி பிடிங்க!" என்று தம்பி கத்தினான்.

இரும்பு அலவாங்கை நுழைத்து ஒரு பக்கத்தைக் கிளப்பி, அடியில் நனைந்த சாக்கு விரித்து, தரையில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றினோம். பிறகு நல்ல பிள்ளையாக வழுக்கி வாசல் வரைக்கும் வந்தது. அங்கே நின்றுவிட்டது.

விஜிதரன் டேப் வைத்து அளந்தான். வாசல் இரண்டே முக்கால் அடி. பெட்டகம் நீளம் ஐந்தடி, உயரமும் அகலமும் மூன்றடி. நிறுத்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், குப்புறவும் போட்டுப் பார்த்தார்கள். மூன்றடி எந்தப் பக்கம் திரும்பினாலும் மூன்றடிதானே. யன்னல் அதைவிடச் சிறிது. பலகையைக் கழற்றினால் பிளந்துபோகும் என்று முன்பே தச்சர் சொல்லியிருந்தார்.

"நிலையக் கழட்டி ரெண்டு வரி கல்ல உடைச்சா வந்திரும். மறுகா பூசி விடலாம்," என்று தம்பி அலவாங்கைத் தூக்கினான்.

'உடை' என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நாலு பேரும் தக்ஷாயினியைத்தான் பார்த்தார்கள். அந்தச் சுவருக்கு மணல் சுமந்தவள் நான்.

அவள் புருஷனைப் பார்த்தாள். "எனக்கென்ன, வீட்டுக்காரி நீதானே," என்று அவன் சிரித்தான்.

"கலியாணத்துக்கு அடிச்ச பெயின்ற்..." என்று இழுத்தாள் மகள். "வாசல் நிலைய உடைக்கிறதும் நல்லமில்ல. இஞ்சயே இரிக்கட்டும்மா."

யார்மேல் கோபிப்பது? அவள் வீட்டைத்தான் அவள் உடைக்க வேண்டாம் என்கிறாள். எழுதிக் கொடுத்ததும் நான்தான். தம்பி அலவாங்கைச் சுவரில் சாத்தினான்.

வெளியே வரமாட்டேன் என்று நின்ற பெட்டகம், திரும்பத் தள்ளியபோது சொன்னபடி கேட்டு உள்ளே போனது. அதற்குள் இருந்த என் சீலைகளை யூரியாப் பையொன்றில் போட்டு வாயைக் கட்டினேன். இவ்வளவுதானா என்றிருந்தது, ஒரு கையால் தூக்கலாம்.

தக்ஷாயினி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, பெட்டகத் திறப்ப வெச்சிட்டுப் போங்க. வெறுமையாத்தானே கிடக்கும், அவர்ர உடுப்புகள வெச்சிக்கிறன். நீங்க வாற நேரம் திறந்து காட்டுறன்."

அவள் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. "ஓம் புள்ள," என்று இடுப்பில் செருகியிருந்த திறப்பை எடுத்து அவள் கையில் வைத்தேன்.