பதினொரு பேருக்கு ஐந்து அறை

பல்கலைக்கழக வாசலில் இருந்த பிளெக்ஸ் பலகை இரண்டு லாரி நீளம் இருந்தது. முதுகலை ஆங்கிலத்துக்கு ஐந்து பிரிவுகள் என்று அதில் போட்டிருந்தார்கள்: இலக்கியம், மொழியியல், ஆங்கிலம் கற்பித்தல், மொழிபெயர்ப்பு, படைப்பெழுத்து. ஐந்துக்கும் நடுவில் வேந்தர் சென்னிமலை கைகூப்பி நின்றார். வேந்தர் ஆவதற்கு முன் அவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளி. ஆறு மாநிலத்துப் பூமியைத் துளைத்தவர். துறையைத் திறந்து வைத்த அன்று, "எதுல தண்ணி வரும்னு ஆருக்குத் தெரியும்? அஞ்சு எடத்துல போரைப் போட்டு வெப்போம்" என்றாராம்.

சௌந்திரம் அந்தப் பலகையை நம்பி வந்தவள். வயது முப்பத்தெட்டு. நாமக்கல்லில் ஒரு லாரி இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பதினான்கு வருடம் டைப் அடித்தவள். டிரைவர்கள் ஆங்கிலக் கடிதத்தை நீட்டி, "இதுல என்னுங்க போட்டிருக்குது?" என்பார்கள். சொல்வாள். ஒருமுறை ஒரு வரியைத் தப்பாகச் சொல்லிவிட்டாள். எருமப்பட்டி டிரைவர் காத்தான் அதைக் கேட்டு, மேல்முறையீட்டுக்குப் போகவேண்டிய நாளைக் கோட்டைவிட்டார். மனுஷன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பாள். அந்த வருடமே வேலையை விட்டுவிட்டு, விண்ணப்பத்தில் 'மொழிபெயர்ப்பு' என்ற கட்டத்தில் அழுத்தி டிக் அடித்தாள்.

ஐந்து பிரிவுக்கும் சேர்த்து மாணவர்கள் பதினொரு பேர். அறை ஒன்று. ஆசிரியரும் ஒருவர்தான்: துறைத்தலைவர் முனைவர் ஆனந்தகுமார். ஆங்கிலக் கவிதையில் பனிமூட்டம் என்பது அவருடைய ஆய்வு. அந்த ஆய்வேட்டையே தினமும் பத்துப் பக்கம் வாசித்தார். வெளியே வெயில் பக்கத்துக் கோழிப்பண்ணைத் தகரத்தைப் பொரித்துக்கொண்டிருக்க, உள்ளே பதினொரு பேரும் பனிமூட்டத்தை எழுதிக்கொண்டார்கள்.

"மொழிபெயர்ப்பு எப்பங்க சார்?" என்று சௌந்திரம் வாராவாரம் கேட்டாள்.

"பனிமூட்டம் முடியட்டும்மா."

அது முடியுமுன் பல்கலைக்கழகத்துக்குத் தரச்சான்று தரும் மதிப்பீட்டுக் குழு வந்துவிட்டது. வருவதற்கு இரண்டு நாள் முன்பு ஐந்து அறைகளுக்கு வெள்ளையடித்து ஐந்து பெயர்ப்பலகை மாட்டினார்கள். பதினொரு பேரையும் பங்கு பிரித்தார்கள். காலி பெஞ்சை நிரப்ப பி.காம். பிள்ளைகள் வந்தார்கள். யார் எது பேசினாலும் தலையை ஆட்ட வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர்களுக்கு உத்தரவு. மொழிபெயர்ப்புக்குக் கான்வென்ட்டில் படித்த யோகேஷைப் போட்டார்கள். சௌந்திரத்துக்குப் படைப்பெழுத்து, கடைசி பெஞ்சு.

"நான் டிக் அடிச்சது மொழிபெயர்ப்புங்க சார்."

"ஒரு நாளைக்குத்தானேம்மா. எங்க உக்காந்தா என்ன?"

"பொய்யா உக்கார வெக்கறப்பக்கூட நான் கேட்ட எடத்துல வெக்க மாட்டீங்களா?"

"அக்காவே போகட்டுங்க சார்" என்றான் யோகேஷ். "எனக்குத் தமிழ் எழுதவே வராது."

"மொழிபெயர்ப்புக்கு எதுக்குடா தமிழு?" என்று ஆனந்தகுமார் அதட்டினார்.

குழு வந்த அன்று சௌந்திரம் யாரையும் கேட்காமல் மொழிபெயர்ப்பு அறையில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆனந்தகுமார் வாசலில் நின்று கண்ணால் கெஞ்சினார், கண்ணாலேயே மிரட்டினார். அதற்குள் குழுவினர் மூன்று பேரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

கோட்டுப் போட்டிருந்த குழுத் தலைவர் அவளையே கேட்டார்: "இந்த வருஷம் என்ன மொழிபெயர்த்தீங்க?"

"ஒண்ணே ஒண்ணுங்க" என்று எழுந்து, பல்கலைக்கழகக் கையேட்டைப் பிரித்தாள். "இதுல இங்கிலீஷ்ல 'ஐந்து தனித்துவப் பாதைகள்'னு போட்டிருக்குதுங்க. அப்படின்னா ஒரு ரூமு. 'தேர்ந்த பேராசிரியர் குழு'. அப்படின்னா ஆனந்தகுமார் சார். 'மாணவர் விருப்பத்துக்கேற்ற பாடம்'. அப்படின்னா பனிமூட்டமுங்க."

பி.காம். பிள்ளைகள் சொன்ன சொல் தவறாமல் தலையை ஆட்டினார்கள்.

ஆனந்தகுமாரின் நெற்றி வியர்த்தது. குழுத் தலைவர் கைதட்டினார். "அடடா! என்ன அங்கதம்! படைப்பெழுத்து இங்க இவ்வளவு உயிரோட இருக்குன்னு நான் நினைக்கவே இல்ல."

"நம்ம பயிற்சிதாங்க சார்" என்று ஆனந்தகுமார் அங்கேயே பிழைத்தெழுந்தார்.

"இது மொழிபெயர்ப்பு வகுப்பு இல்லையா?" என்று குழுவில் இருந்த அம்மையார் கேட்டார்.

"ரெண்டும் கலந்த பாடமுங்க மேடம். புது முயற்சி."

"கதை இல்லீங்க, நெசம்" என்றாள் சௌந்திரம். "வேணும்னா இந்தப் பிள்ளைங்களைக் கேளுங்க. அத்தனையும் பி.காம்."

"பாருங்க, கடைசி வரைக்கும் பாத்திரத்தை விட்டு வெளிய வரல!" என்று வியந்தபடி தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேந்தர் வீட்டில் நாட்டுக்கோழி காத்திருந்தது. மூன்று பேரும் போய்விட்டார்கள். அம்மையார் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், பார்த்ததோடு சரி.

சௌந்திரத்துக்குக் காதெல்லாம் எரிந்தது. பொய்யைப் பொய் என்று சொன்னதற்குக் கைதட்டல். அந்தக் கைதட்டலும் அவள் கேட்காத பிரிவின் கணக்கில். நேராக அலுவலகத்துக்குப் போனாள். வெள்ளைத்தாளில் மொழிபெயர்ப்புப் பாடம் கேட்டு ஆங்கிலத்தில் ஒருமுறை, அதன் கீழே அதையே தமிழில் ஒருமுறை என்று விண்ணப்பம் எழுதி, நகலோடு குமாஸ்தா அறிவுச்செல்வியிடம் நீட்டினாள்.

விருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆனந்தகுமார் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "உங்களைத்தானேம்மா பாராட்டினாங்க? சந்தோசமா ஊட்டுக்குப் போங்களேன்."

"பாராட்டு வேண்டாங்க சார், பாடம் வேணும். நடத்தறோம்னோ, நடத்த மாட்டோம்னோ எழுதிக் குடுங்க."

"நடத்த மாட்டோம்னு எப்படி எழுதறது? வாசல்ல பிளெக்ஸ் இருக்குதே!"

"அப்ப நடத்தறோம்னு எழுதுங்க."

"அதுக்கு ஆளு வேணுமேம்மா!"

"அதையே எழுதுங்க."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். அந்த இடைவெளியில் அறிவுச்செல்வி முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றி, நகலின் மேல் 'பெறப்பட்டது' என்று ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

"ஆரைக் கேட்டுப் போட்டே?" என்று ஆனந்தகுமார் கத்தினார்.

"விண்ணப்பம்னு வந்தா முத்திரை போடோணும் சார்" என்றாள் அவள், அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டே.

சௌந்திரம் நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். "ரெண்டு மொழியிலயும் எழுதியிருக்கறேங்க சார். உங்களுக்கு எது புரியுதோ அதுல பதில் குடுங்க. அது வர்ற வரைக்கும் நான் இங்கதான்."