மூன்றுக்கு நாலு பையில் தாய்மாமன்

கொட்டச்சேடு வெங்கடாசலம் சித்திரை மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை எழுந்தபோது அவருடைய வலது பாதி இல்லை. சட்டை போட்டால் பித்தான் வரிசை வருகிற இடத்தில், ஸ்கேல் வைத்து அறுத்த மாதிரி நேராகப் போயிருந்தது. ரத்தமில்லை, வலியில்லை. அறுத்த ஓரத்தில் ஒரு நூல் அகலத்துக்கு வெள்ளை தெரிந்தது, அவ்வளவுதான். அவர் ஒற்றைக் காலில் தத்திப் போய் ஒற்றைக் கையால் பல் விளக்கி, மிளகுக் கொடிகளைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் மனைவி பாவாயி கவனித்தாள். "ஏனுங்க, ஒரு பக்கத்தக் காணமே?" என்றாள். "எந்திரிச்சதுல இருந்தே இல்ல" என்றார் அவர். பாவாயி தட்டிலிருந்து இரண்டு இட்லியை எடுத்துத் திரும்பக் குண்டானில் போட்டாள். பசி மட்டும் முழுசாகத்தான் இருக்கிறது என்று அவர் சொன்னதும் மறுபடி எடுத்து வைத்தாள்.

யார் வேலை இது என்று மத்தியானத்துக்குள் ஏற்காடு முழுக்கத் தெரிந்துவிட்டது. வெங்கடாசலத்தின் தங்கச்சி கௌரி, ஏரிக்குப் போகிற ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அவள் புருஷன் சிவக்குமார் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறான். குழந்தை வயிற்றிலிருந்தபோது டாக்டர் அசையக்கூடாது என்று படுக்கப் போட்டதில், போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவள் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பாக்கெட் ஆல்பம். ஆல்பத்தின் ஒவ்வொரு தாளும் கண்ணாடிக் கவர். கவருக்குள் சின்னச் சின்னப் பைகள். பெரிய பை ஆறுக்கு நாலு அங்குலம், சின்னப் பை மூன்றுக்கு நாலு. ஒன்றில் போட்டோ, பக்கத்துப் பையில் பூப்போட்ட அட்டையில் நாலு நல்ல வார்த்தை. அந்த அட்டைகளின் டிசைன் இன்டர்நெட்டில் சும்மாவே கிடைக்கிறது. தடிமனான தாளில் பிரிண்ட் எடுத்து, அளவாக வெட்டி, மூலையை டக்கென்று வளைத்துக் கொடுக்கிற ஒரு கைமெஷினில் நாலு முனையையும் கொடுத்து எடுத்துப் பைக்குள் சொருக வேண்டியதுதான். ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் மிளகும் காப்பித்தூளும் வாங்கிப்போனார்கள். இப்போது தங்களையே ஆல்பமாக வாங்கிப்போகிறார்கள், அதற்கு என்ன செய்வது.

அவள் பைகளுக்குள் போனது எதுவும் சும்மா இருப்பதில்லை என்பதும் தெரிந்த சங்கதிதான். ஆரஞ்சுப்பழம் பிரிண்ட் போட்ட அட்டையில் எறும்பு மொய்த்தது. லேடீஸ் சீட் பாறை முனையில் மூடுபனியோடு எடுத்த படத்தைச் சொருகிய பைக்குள் நாள் முழுக்க ஈரம் சொட்டியது. கவிழ்த்து உதறிவிட்டுத்தான் பார்சல் கட்டுவாள். பனி எங்கே இறங்கினாலும் ஆச்சரியப்படுகிற ஊர் இது இல்லை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கௌரியும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் அண்ணன் படத்தில் கத்தி வைத்திருப்பாளா!

விஷயம் பாயசத்தில் ஆரம்பித்தது. அந்தச் சித்திரையில்தான் வெங்கடாசலம் புது வீடு கட்டிக் குடிபோனார். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு கௌரி மூன்றாம் பந்தியில் உட்கார்ந்தபோது பாயசம் தீர்ந்துவிட்டது. கூடப்பிறந்தவளின் இலைக்குப் பாயசம் வரவில்லை. அண்ணன் வாசலில் நின்று அடிவாரத்துச் சிமெண்டுக் கடைக்காரரை வரவேற்றுக்கொண்டிருந்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத பெண்கள்தான் கத்தரிக்கோல் எடுப்பவர்கள். அடுத்த வாரம் குழந்தையின் முதல் வருட ஆல்பத்துக்கு அந்த வீட்டுப் படிக்கட்டில் எடுத்த குடும்பப் படத்தைப் பிரிண்ட் போட்டாள். படம் அகலம், பை மூன்றுக்கு நாலு. வலது ஓரத்தில் மாமியார், இடது ஓரத்தில் அண்ணன், இரண்டில் ஒருவர் போயாக வேண்டும். மாமியாரோடு ஒரே வீட்டில் சோறு தின்ன வேண்டும். ஆகவே இடது ஓரத்தில், அண்ணனின் சட்டைப் பித்தான் வரிசை மேல் ஸ்கேலை வைத்தாள். படத்துக்கு இடது என்றால் நிற்கிற ஆளுக்கு அது வலது. அளவு பத்தவில்லை, அதுதான் வெட்டினேன் என்று அவள் பிறகு எல்லோரிடமும் சொன்னாள். அடுத்த பக்கத்தில் ஆறுக்கு நாலு பை காலியாகவே இருந்தது என்று ஆல்பத்தைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

செய்தி கேட்டதும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் கொட்டச்சேடு ஓடினாள். அண்ணனை அந்தக் கோலத்தில் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. "பை சின்னதுங்ண்ணா, அதான்..." என்று இழுத்தாள். வெங்கடாசலம் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்து, "பாயசந்தானே கண்ணு?" என்று கேட்டார். அவள் இல்லை இல்லை என்று தலையாட்டி ஓவென்று அழுதாள்.

ஒட்டிவிட்டால் சரியாகப் போகிற காரியம்தான். ஆனால் வெட்டிய துண்டைக் காணவில்லை. கடைக் குப்பைக்கூடை, துண்டுத்தாள் போடுகிற பிஸ்கட் டின், மெஷினுக்கு அடி, எல்லாம் தேடியாயிற்று. சீசன் கூட்டத்தில் ஒரே மேஜையில் பத்து ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. வேறு பிரிண்ட் எடுக்கலாம் என்றால் அசல் படம் இருந்த போன், சிவக்குமார் ஏரியில் யாரோ ஒரு ஜோடிக்குப் போட்டோ எடுத்துக் கொடுக்கையில் தண்ணீருக்குள் போய்விட்டது. படகுக்காரர்கள் முங்கித் தேடியதில் மூன்று மூக்குக்கண்ணாடியும் ஒரு பல்செட்டும் கிடைத்தன.

ஊர் பழகிக்கொண்டது. உட்கார்ந்தால் முழு டிக்கெட், நின்றால் அரை டிக்கெட் என்று பஸ் கண்டக்டர் ஒரு தீர்ப்புச் சொன்னார். ஒற்றைக் காலில் கொண்டை ஊசி வளைவுகளில் நிற்க முடியாமல் வெங்கடாசலம் முழு டிக்கெட்டே எடுத்தார். சவுக்குக் கம்பு ஒன்றை ஊன்றிக்கொண்டு காப்பித் தோட்டத்துக்குப் போய்வந்தார். இதயம் இருக்கிற பக்கம் முழுசாக இவரிடமே தங்கிவிட்டதால், அது நெருக்கிப் பிடித்துக்கொண்டு எதற்கெடுத்தாலும் கண்ணீர் விட்டது. கன்றுக்குட்டி துள்ளினால் அழுதார். டீ சூடாக இருந்தால் அழுதார்.

கௌரிக்கு வேறு கவலை. தை மாதம் குழந்தைக்குப் பதினோராம் மாதம். சேர்வராயன் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டும், தாய்மாமன் வலது கையால் தோட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். இருப்பதோ ஒற்றைத் தொடை. வைத்துப் பார்த்தபோது குழந்தை சறுக்கி விழப்பார்த்தது. இருக்கிற கையோ இடது கை. இடது கையால் கொடுத்ததை எந்தக் குழந்தை காதில் போடுவது? பங்காளி வகையில் யாரையாவது உட்கார வைத்து முடித்துவிடலாம் என்று மாமியார் சொன்னாள். "எங்கண்ணன் மடி இல்லாம எம்புள்ளைக்குக் காது குத்தற பேச்சே வேண்டாமுங்க அத்தை" என்று கௌரி ஒரே போடாகப் போட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது, பாயசம் எவ்வளவு அற்பம் என்று. தெரிந்து என்ன, துண்டு கிடைக்க வேண்டுமே.

புரட்டாசியில் அவள் ஒரு காரியம் பண்ணிப் பார்த்தாள். சும்மா கிடைக்கிற டிசைன்களில் வலது கை ஒன்றைத் தேடிப் பிடித்து, அளவு பார்த்துப் பிரிண்ட் எடுத்து, மூலையை வளைத்து, அண்ணன் பக்கத்துப் பையில் சொருகினாள். கை வந்தது. வெள்ளைக்காரக் குழந்தையின் பிறந்தநாள் அட்டையிலிருந்து எடுத்த கை. ரோஸ் நிறத்தில் குண்டாக, கேக் ஒன்றைப் பிடித்தபடி வந்தது. கேக்கைக் கீழே வைக்கவே மாட்டேன் என்றது. வெங்கடாசலம் அன்று முழுக்கக் கேக்கும் கையுமாக அலைந்தார். தோட்டத்து நாய்கள் எல்லாம் பின்னால் வந்தன. சாயங்காலம் பாவாயியே ஏற்காட்டுக்கு வந்து, "போதும் கௌரி, எடுத்துப்போடு சாமி" என்றாள்.

மார்கழி கடைசியில் கடைக்கு ஒரு போன் வந்தது. ஈரோட்டிலிருந்து சௌமியா என்று ஒரு பெண். சித்திரையில் தேனிலவுக்கு வந்து, புருஷன் கோகுலோடு ஆல்பம் போட்டுக்கொண்டு போனவள். வளைகாப்புக்கு இன்னொரு ஆல்பம் வேண்டும், அழைப்பிதழ் அட்டையும் வேண்டும் என்று அளவெல்லாம் சொல்லிவிட்டு, "அக்கா, அந்தப் பாதி அண்ணனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கோணுங்க" என்றாள். எந்தப் பாதி அண்ணன் என்று கௌரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நீங்க ஆல்பத்தோட குடுத்தீங்களே, அவருதாங்க. ஆல்பத்தக் கொண்டுவந்த மறுநாள் காத்தால பிரிட்ஜுக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தாருங்க. கடையில எல்லாருக்கும் குடுப்பீங்களாட்ட இருக்குதுன்னு நினைச்சோம்."

நடந்தது இவ்வளவுதான்: பிளாஸ்டிக் கவர் எதையும் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். வெட்டிய துண்டு மேஜையிலிருந்து பறந்து, சௌமியாவின் ஆல்பத்தில் 'இனிய நினைவுகள்' என்ற அட்டைக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. வலது பாதிக்கு இதயம் இல்லாததால் அதற்குக் கோபமில்லை, வருத்தமில்லை, ஊர் ஞாபகமும் இல்லை. எட்டு மாதமாகத் தண்ணீர் கேன் தூக்கியது, தேங்காய் துருவியது, மொட்டை மாடியில் செடிக்குத் தண்ணீர் விட்டது. கேட்டதற்கு மட்டும் பாதி வாயால் மரியாதையாகப் பதில் சொன்னது. நீங்கள் யார் என்று அவர்களும் கேட்கவில்லை. வீட்டு வேலை செய்கிற ஆளிடம் ஈரோட்டில் யார் அதெல்லாம் கேட்கிறார்கள்.

தை கடைசி முகூர்த்தத்தில் சௌமியாவும் கோகுலும் ஆல்பத்தோடும் வலது பாதியோடும் கார் பிடித்து வந்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி என்பதால் அடிவாரம் வழியாக வராமல், வளைவு குறைச்சலான குப்பனூர் ரோட்டில் ஏறினார்கள். கோயில் வாசலில் பெஞ்சு போட்டிருந்தது. இடது பாதி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. வலது பாதி இறங்கி வந்து முன்னால் நின்றது. "சௌக்கியமா?" என்றது இடது. "சௌக்கியமுங்க. நீங்க?" என்றது வலது. அவ்வளவுதான் பேச்சு. பக்கத்தில் உட்கார்ந்தபோது நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது. பாவாயி ஒரு துவாலையை நாலாக மடித்து அதன்மேல் விரித்தாள். மொட்டைத்தலையில் சந்தனம் பூசிய குழந்தையை கௌரி இரண்டு தொடையிலுமாக உட்கார வைத்தாள். வலது கை தோட்டை எடுத்துக் கொடுத்தது, இடது கை குழந்தையின் வயிற்றை அணைத்துக்கொண்டது. ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை வீரிட்டதில் கோயில் குரங்குகள் மரத்துக்கு மரம் தாவின. இடது கண் வழக்கம்போலப் பொலபொலவென்று கொட்டியது. வெட்டிய ஓரங்கள் அவ்வளவு பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ, ஒன்பது மாதமாக வறண்டு கிடந்த வலது கண்ணிலும் தண்ணீர் வந்தது. வலது பாதி அதைத் தொட்டுப் பார்த்து, இது என்ன என்பதுபோல எல்லோரையும் பார்த்தது.

கௌரி கைப்பையிலிருந்து ஒட்டுகிற டேப்பை எடுத்தாள். சௌமியாவின் ஆல்பத்திலிருந்து துண்டை உருவித் தன் ஆல்பத்துப் படத்தோடு பொருத்திப் பார்த்தாள். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. அப்போது சௌமியா மெதுவாக, "அக்கா, எனக்குக் கூடப்பொறந்தவங்க யாருமே இல்லீங்க. வர்ற கொழந்தைக்கும் நாளைக்குக் காது குத்தோணுமில்லீங்க?" என்றாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். டேப்பைப் பிடித்த கை அப்படியே நின்றது. கௌரிக்கு அண்ணன் வேண்டும், முழுசாக வேண்டும். ஒன்பது மாதமாக வேண்டிக்கொண்டது அதற்குத்தான். அவள் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

"விடு கண்ணு" என்றார் இடது வெங்கடாசலம். "எனக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சு, இப்ப ரெண்டாயிருச்சு. ஒத்தை ஆளா ரெண்டு ஊட்டுக்கு எப்படி ஓடறது? இதுதான் தோது." வலது பாதி, "அவரு சொல்றதுதான் சரிங்க" என்றது. எல்லோரும் பாவாயியைப் பார்த்தார்கள். "எனக்கு இந்தப் பக்கமே போதுமுங்க. கொறட்டை உடறது அந்தப் பக்கந்தான்" என்றாள் பாவாயி. கௌரி சிரித்தாள், சிரிக்கும்போதே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். டேப்பைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டாள். துண்டுப் படத்தின் மூலைகளை இந்தத் தடவை பார்த்துப் பார்த்து வளைத்து, நல்லதாக ஒரு செம்பருத்தி அட்டையைப் பின்னால் வைத்து, சௌமியாவின் ஆல்பத்தில் முதல் பக்கத்துப் பெரிய பையிலேயே சொருகிக் கொடுத்தாள். தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கோடு.

சௌமியாவுக்கு ஆண்குழந்தை. அடுத்த தையில் ஈரோட்டில் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். அழைப்பிதழ் அடித்தது கௌரிதான். தாய்மாமன் என்று ஒரு பெயரா, இரண்டு பெயரா என்று கோகுல் போன் போட்டுக் கேட்டான். ஒரு பெயர்தான் என்று சொல்லிவிட்டு, வெங்கடாசலம் என்று போட்டு, அதன் கீழே கொட்டச்சேடு, ஈரோடு என்று இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். ஈரோட்டில் பத்திரிகை வாங்கியவர்கள், மாமனுக்கு மலை மேலேயும் ஒரு வீடு இருக்கிறதாக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள்.