வலிக்கு நாலு மார்க்

“டெல்மருக்கு மார்ஃபினைக் கொஞ்சம் கொஞ்சமாப் பழைய அளவுக்கே ஏத்திக் குடுங்க, டாக்டர்.”

கேட்டுவிட்டேன். இந்தக் கிளினிக்கில் நான் டாக்டராகச் சேர்ந்த அன்றே, இதை நடத்தும் பெரிய டாக்டர் கிரிம்ஸ் சொல்லியிருந்தார்: “லீவு கேளு, சம்பளம் கூடக் கேளு, பனி கொட்டுதுன்னா என் வண்டியையே கேளு. வலி மாத்திரையைக் கூட்டச் சொல்லி மட்டும் கேக்காதே. இங்க குறைக்கிறதுதான் உண்டு.”

அவர் கடித்துக்கொண்டிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்தார்.

“கதவைச் சாத்து, ரெனா.”

சாத்தினேன்.

டெல்மர் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. நாற்காலியின் இரண்டு கைகளையும் ஊன்றித் தொங்கிக்கொண்டிருந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை இடிந்து முதுகில் விழுந்த மனிதர். மார்ஃபின் ஒழுங்காகக் கிடைத்த காலத்தில் தோட்டத்தில் பீன்ஸ் போட்டார், சர்ச்சில் எழுந்து நின்று பாடினார். இந்த மலைப்பக்கம் அதே மாதிரி மாத்திரைகளுக்கு அடிமையாகிச் செத்தவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. கண்ணை மூடிக்கொண்டு எழுதித் தள்ளிய டாக்டர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். அதோடு ஒழுங்கான டாக்டர்களும் எழுதவே பயந்தார்கள். டெல்மரின் மாத்திரை மாதாமாதம் தேய்ந்தது.

ஏன் குறைத்தீர்கள் என்று கேட்டால், டெல்மரே தந்த மார்க்கைக் காட்டுவார்கள். வலி பத்துக்கு எவ்வளவு? ஒவ்வொரு முறையும் அவர் சொல்வது நாலு. இங்கே சுரங்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் நாலுதான். கால் நசுங்கி வந்தாலும் நாலு. பத்து என்று சொல்வது நடுத்தெருவில் நின்று அழுவது மாதிரி. என் அப்பாவும் அந்த ரகம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு “பரவாயில்ல, பரவாயில்ல” என்றபடியே போய்ச் சேர்ந்தார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான நான் அன்று மருத்துவக் கல்லூரியில் வலியைப் பற்றிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் இன்று டெல்மரிடம் கோபமாகவே கேட்டேன். “நிஜமாவே நாலுதானா?”

“நாலுன்னா குறைக்கிறீங்க. ஒம்பதுன்னா மாத்திரைக்கு அலையுறவன்னு எழுதிருவீங்க. எதைச் சொல்லணும்னு நீயே சொல்லிக் குடு பாப்பா, அப்படியே ஒப்பிச்சிடுறேன்.”

மார்க் கேட்பதை விட்டேன். “சரி, முன்ன செஞ்சுட்டிருந்ததுல இப்ப எதெல்லாம் செய்யறதில்ல?”

மோவாயைச் சொறிந்தார். “பூட்ஸ் மாட்டுறதில்ல, பொண்டாட்டி லோர்னாதான் மாட்டி விடுறா. கட்டில்ல படுக்கிறதில்ல. சர்ச்சுக்குப் போறதில்ல. துப்பாக்கியெல்லாம் மச்சான் வீட்டுக்குக் குடுத்தனுப்பிட்டேன்.”

“ஏன்?”

“வீட்டுல இருந்தா நல்லதில்ல, பாப்பா.”

மழை வரும்போலிருக்கிறது என்பதைச் சொல்கிற குரலில் சொன்னார். எல்லாவற்றையும் அவர் வார்த்தையிலேயே பதிவு செய்துவிட்டு இந்த அறைக்கு வந்தேன்.

கிரிம்ஸிடமும் ஒன்று விடாமல் சொன்னேன். “சட்டம் நம்ம பக்கம் இருக்கு. பரிசோதிச்சு, காரணத்தை எழுதி வெச்சு, நல்லெண்ணத்தோட வலிக்கு மருந்து குடுத்த டாக்டர் மேல கை வைக்கக் கூடாதுன்னு நம்ம மாநிலமே சட்டம் போட்டிருக்கு.”

“எனக்கே பாடம் எடுக்கிறியா? அந்தச் சட்டம் வரணும்னு மாநிலத் தலைநகரத்துக்குப் போய்ப் பேசினவன் நான்.”

“அப்புறம் என்ன பயம்?”

“ஹாலிஸ்னு ஒரு டாக்டர், என்கூடப் படிச்சவன். அவனும் இதை நம்பித்தான் மருந்து எழுதினான். மாநிலத்துச் சட்டம் மாநிலத்துக்கு. வந்தவங்க வாஷிங்டன் ஆளுங்க, மத்திய அரசு. ஃபைலை எல்லாம் அள்ளிட்டுப் போனாங்க. கேஸ்ல ஜெயிச்சான், முழுசா ஜெயிச்சான். ஜெயிச்ச அன்னிக்கு அவன்கிட்ட கிளினிக் இல்ல, வீடு இல்ல, பொண்டாட்டி இல்ல.”

“அவரோட நோயாளிங்க?”

கிரிம்ஸ் ஜன்னலைப் பார்த்தார். “சில பேர் தெருவுல விக்கிற போதை மருந்துக்குப் போனாங்க. மரணச் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டது நான்தான்.”

அந்தக் கையெழுத்துகள் அவரைத் தூங்கவிடுவதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சொன்னார்: “இந்தக் கிளினிக்கை மூடிட்டா இந்தப் பள்ளத்தாக்குல வேற டாக்டர் கிடையாது. பிரசவம், சர்க்கரை, குழந்தைக்கு ஊசி… ஒரு டெல்மருக்காக அத்தனை பேரையும் பணயம் வைக்கச் சொல்றியா?”

நியாயமான கேள்வி. அதுதான் எரிந்தது. வெறும் கோழையாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். நான் பிறந்தபோது பனியில் மலையேறி வந்து பிரசவம் பார்த்தவர் இவர்.

“அப்ப என் பேர்லயே எழுதிக்கறேன். என் லைசென்ஸ்.”

“எழுதினா கிளினிக் உன் பின்னால நிக்காது. வக்கீல் வெக்க மாட்டேன். திங்கக்கிழமை இங்க உனக்கு வேலை இருக்காது. உங்கம்மா ஊர் பூரா ‘டாக்டர் பொண்ணு’ன்னு சொல்லிட்டுத் திரியறா, யோசிச்சியா?”

“அம்மாவை இழுக்காதீங்க. நீங்க மாட்டேன்னா நானே எழுதறதுன்னு டெல்மர் பக்கத்துல நிக்கும்போதே முடிவு பண்ணிட்டேன்.”

“அப்புறம் என்கிட்ட எதுக்கு வந்தே?”

“சீட்டுல உங்க பேரும் இருந்தா டெல்மரை யாரும் சந்தேகமாப் பாக்க மாட்டாங்க. எனக்கும் தனியா நிக்கற மாதிரி இருக்காது. அதான்.”

அவர் மிச்ச சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றினார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“பதினஞ்சு வருஷம் முன்னாடி வந்து கேட்டிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேன்” என்றார்.

“அப்ப நான் ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தேன், டாக்டர்.”

என் குரலும் இறங்கித்தான் போயிருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் காத்திருக்கவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்து, டெல்மர் இருந்த அறைக்கு நடந்தேன்.