காய்ந்தால் கசக்காது

பால்காரிக்கு இருந்தவை மூன்றே பசுக்கள். அவற்றில் இரண்டாவதும் அன்று விடிந்ததும் காலை நீட்டிவிட்டது. மாட்டு டாக்டர் கொட்டகைக்குப் பின்னால் வைத்து அதை அறுத்து, ஈரலை வெளியே எடுத்தார். விரலால் அழுத்தினார். பழஞ்செருப்பு மாதிரி விறைத்துக் கிடந்தது, அழுந்தவில்லை.

விஷம் வைத்தது பக்கத்து வண்டிக்காரன்தான் என்று அவள் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். டாக்டர் காதிலேயே வாங்கவில்லை. நேரே போய்க் காய்ந்த புல் கட்டு ஒன்றை அவிழ்த்து உதறினார். சுருங்கிப்போன மஞ்சள் பூக்களோடு கைநிறையத் தண்டுகள் வந்தன.

"இது எப்படி உள்ள வந்துச்சு?" என்றார்.

எப்படி வந்ததாம்! புதுச்சாலை போட மண்ணைக் கிளறினார்கள். கிளறிய மண்ணைக் கண்டால் இந்தச் செடிக்குக் கொண்டாட்டம். சூரியகாந்திக்கு ஏழைச் சொந்தம் இது. பூ நகத்தளவுதான். ஒற்றைப் பூ என்றுதான் நினைப்போம். உற்றுப் பார்த்தால் நடுவில் குட்டிப் பூக்கள் கூட்டமாக நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு விதையாகும், ஒவ்வொரு விதைக்கும் தலையில் ஒரு பஞ்சுக் குடுமி. லாரி போகிற காற்றே போதும், சாலையோடு சாலையாக ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிடும். முதல் வருடம் தரையோடு இலையை விரித்துக்கொண்டு பரமசாதுவாகக் கிடக்கும். அடுத்த வருடம்தான் எழுந்து பூக்கும். வெட்டினால் சாகாது, அடியிலிருந்து இன்னும் நாலு கிளை விடும். வேரோடு பிடுங்க வேண்டும்.

வண்டிக்காரர் பிடுங்கினார். மனைவி போன பிறகு அவருக்கு மிச்சம் ஒரு விறகு வண்டி, ஒரு குதிரை. ஓய்ந்த நேரமெல்லாம் குனிந்து இந்தச் செடியைப் பிடுங்குவார். தன் பக்கம் முடிந்தால் வேலியைத் தாண்டி இவர்கள் பக்கமும் வருவார். அவருக்குப் 'பெரிய பிடுங்கி' என்று பெயர் வைத்தவர் இவள் வீட்டுக்காரர்தான்.

பெயர் வைத்ததோடு விட்டாரா? ஊசி போன இடத்தைப் பார்க்கிற ஆசாமி அவர். உலக்கை போன இடம் தெரியாது. இன்றைக்குச் செடி, நாளைக்கு நிலம் என்று சண்டைக்குப் போனார். மாட்டுக்கு ஆகாத செடி என்று வண்டிக்காரர் சொன்னதற்கு, என் மாடு அதை மோந்துகூடப் பார்க்காது, இனி வேலி தாண்டினால் காலை உடைப்பேன் என்றார். மாடு மோந்து பார்க்காது என்பது பொய்யில்லை. மேய்ச்சலில் பசுக்கள் அதை ஒதுக்கிவிட்டுச் சுற்றிலும்தான் மேய்ந்தன. வண்டிக்காரர் அதற்குப் பிறகு வரவே இல்லை. இரண்டே வருடத்தில் நிலம் முழுக்க மஞ்சள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்றுகூடப் பால்காரி நினைத்தாள். புல்லோடு சேர்த்து அறுத்து, காயவைத்து, கட்டி அடுக்கினார்கள்.

முதல் பசு இளைத்து, தள்ளாடி, சுவரில் தலையை முட்டிக்கொண்டே நின்று செத்தது. மறுநாள் வண்டிக்காரரின் புல்போர் எரிந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. வீட்டுக்காரர் சட்டையைத் துவைக்க எடுத்தவளுக்கு மண்ணெண்ணெய் வாடை அடித்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன ஆகப்போகிறது? அதற்குப் பதிலாக, அவர் பால் ஊற்றப் போகும் நேரம் பார்த்து, காய்ந்த புல்லில் ஒரு கட்டை வேலிக்கு அந்தப் பக்கம் போட்டாள். அன்றிலிருந்து மாதக்கணக்காகத் தினமும் போட்டாள். வண்டிக்காரரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. குதிரை பட்டினி கிடக்கவில்லை என்ற நினைப்பில்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

"பச்சையா இருந்தா கசக்கும், தொடாது. காஞ்சா கசப்பு போயிடும், விஷம் போகாது," என்றார் டாக்டர். ஈரல் ஒரு தடவை கெட்டால் கெட்டதுதான், வெளியே தெரியவே மாதக்கணக்காகும், மூன்றாவது பசுவையும் நம்ப வேண்டாம் என்றார். வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"குதிரைக்கு?" என்று பால்காரி கேட்டாள்.

"குதிரைக்கும் இதே கதிதான்."

"நம்மகிட்ட ஏது குதிரை?" என்றார் வீட்டுக்காரர்.

அவள் வேலியைத் தாண்டி ஓடினாள்.

லாயத்துச் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றது குதிரை. எலும்பு எண்ணலாம் போலிருந்தது. வண்டிக்காரர் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். புல்லுக்கட்டுக்குள் விஷப் பூ இருந்ததை, போரைக் கொளுத்தியது யார் என்பதை, எல்லாவற்றையும் மூச்சு வாங்க ஒரேயடியாகக் கொட்டினாள். அவர் கை நின்றது.

"கொளுத்தினது தெரியும்மா. புல்லு நீ போடறதும் தெரியும். வேற யாராவது குடுத்திருந்தா ஒவ்வொரு தண்டா பிரிச்சுப் பாத்திருப்பேன். தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதேன்னு விட்டுட்டேன்."

"அண்ணா..." என்றாள்.

"நேத்து போட்டது அப்படியே இருக்கு. எடுத்துட்டுப் போயிடும்மா," என்றார்.

குனிந்து அள்ளினாள். உள்ளங்கையில் ஒரு மஞ்சள் பூ ஒட்டிக்கொண்டது. அதை வாயில் போட்டு மென்று பார்த்தாள். கசக்கவே இல்லை.