படுத்துவிட்ட இதழ்கள்

மூன்று மணிக்கு ஆய்வு வழிகாட்டி டாக்டர் எலைன் பார்க்க வருவார். அதற்குள் வெள்ளை அட்டையில் விழும் இரண்டு ஒளி இதழ்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் கோலாலம்பூர் கண்காட்சிக்கு ஷாமளா போக முடியாது. மணி இரண்டேகால். இதழ்கள் இடமும் வலமுமாகப் படுத்துக் கிடந்தன.

ஜொகூர் பாருவில், கல்லூரி ஆய்வுக்கூடத்தில், எட்டு மாதமாக அவளுக்கு இதே வேலை. லேசர் ஒளி ஒரே திசையில் அதிரும். அதைத் தனிவகைக் கண்ணாடித் தகடு ஒன்றின் வழியாக விட்டால் உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு வரும். அந்த வளையத்தில் அதிர்வு சைக்கிள் சக்கரக் கம்பிகளைப்போல வெளிப்பக்கம் விரிந்திருக்க வேண்டும். மேல்கீழ் அதிர்வை மட்டும் விடும் தாளை முன்னால் பிடித்தால், வளையத்தின் உச்சியும் அடியும் மட்டும் இரண்டு இதழ்களாக மிஞ்சும். போன வாரம் அப்படித்தான் மிஞ்சியது. இன்று பக்கங்கள் மிஞ்சின. அதிர்வு கம்பியாக விரியாமல் டயராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

தகட்டை மூன்று முறை துடைத்தாள். பயனில்லை. பக்கத்து மேசை ரயனைக் கூப்பிட்டாள். லேசரைத் தொட்டாயா என்று கேட்டான். இல்லை என்றாள். பிறகு, கொஞ்சம் என்றாள்.

ஆயுத பூஜையன்று வீட்டில் காருக்கும் கிரைண்டருக்கும் பொட்டு வைத்துவிட்டு வந்தவள், லேசர் குழாயின் முதுகிலும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். கருவியில் தூசி இருந்தாலே எலைனுக்குப் பிடிக்காது. வைத்த பொட்டை அழிக்கவும் மனம் வரவில்லை. குழாயைக் கால் சுற்றுத் திருப்பிப் பொட்டைச் சுவர்ப் பக்கம் மறைத்தாள். குழாயோடு அதிர்வும் திரும்பிவிட்டது.

இதைக் கேட்டு ரயன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சிரிச்சது போதும்லா. பழையபடி திருப்பினா டாக்டர் பார்த்துருவாங்க."

"அப்ப இன்னும் கால் சுத்து கீழ திருப்பு. வெளிச்சத்துக்குத் தலை ஏது, கால் ஏது?"

திருப்பினாள். பொட்டு அடியில் போனது. இதழ்கள் எழுந்து நின்றன.

எலைன் வந்து தாளைத் தானே சுழற்றினார். இதழ்களும் கூடவே சுழன்றன. தலையாட்டிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். குழாயை அரைச் சுற்றுத் திருப்பியதாக ஷாமளா எழுதியிருந்தாள். அதில் பொய் எழுத அவளுக்குத் துணிச்சல் இல்லை. ஏன் என்று கேட்டார். சொல்லிவிட்டாள். ரயன் ஜன்னலைப் பார்த்தான்.

எலைன் குனிந்து குழாயின் அடியை எட்டிப் பார்த்தார். நிமிர நேரமாயிற்று.

"பொட்டு வைக்கிறது உன் இஷ்டம். வைக்கிறதுக்கு முன்னாடி கோணத்தை எழுதி வைக்க வேணாமா?"

ஷாமளா பேனாவை எடுத்து, அரைச் சுற்றுக்குப் பக்கத்தில் பழைய கோணத்தை எழுதினாள்.

"வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கோலாலம்பூர் பஸ். லேட்டா வந்தேன்னா ரயனைக் கூட்டிட்டுப் போயிருவேன்."